நான் "ஓம்" சொன்னது அன்ரிக்கு

எண்பத்தொரு வயதுக் கிழவனை அழவைத்துவிட்டாய் என்று எழுதியிருந்தீர்கள். ஓம், அழவைத்தேன். நம் ஒழுங்கைக்காரரின் போன் குழுவில் அந்தக் கிழவனின், என் மாமாவின், குரல் வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த புத்திமதிகளைச் சேர்த்தால் தவக்காலம் முழுவதற்கும் பிரசங்கம் வைக்கலாம். பாவம், வயசு போன மனுசன். ஐம்பது வருசத்துக்கு முந்தின கதை. விட்டுத் தள்ளு ஷொக். கடைசியாகச் சொன்னவரிடம் ஒன்று கேட்கிறேன்: இன்றைக்கும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டு எதை விட்டுத் தள்ளச் சொல்கிறீர்?

நீங்கள் எல்லாரும் கொழும்பு கொட்டாஞ்சேனையில், அந்த ஒடுக்கமான ஒழுங்கையில், என்னோடு ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்கள். உங்கள் மருமக்களுக்குத்தான் பெயரை விளக்கவேண்டும். ஷொக் என்றால் கரண்ட் அடிப்பது. ஒன்பது வயதில் ஒரேயொரு "ஓம்" சொல்லி அப்பாவுக்குக் கரண்ட் அடிக்கவைத்த பிள்ளை நான் என்று அர்த்தம். வெளியார் அதை ஷோக் என்று கேட்டு, அழகான பிள்ளை என்பதற்காகச் செல்லமாக வைத்த பெயர் என்று நினைப்பார்கள். நான் திருத்துவதில்லை. இப்போது திருத்தப்போகிறேன், எல்லாவற்றையும்.

அப்பா கிழமை நாளில் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக். சனி, ஞாயிறில் கலியாண வீடுகளிலும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்திலும் கிற்றார் வாசிப்பார். அவருடைய அம்பிளிபயர் மருதானையில் ஒரு வேலைத்தலத்தில் சொல்லிச் செய்வித்தது. சாம்பல் நிறத் துணி ஒட்டிய பெட்டி, பின்பக்கம் திறந்தபடி இருக்கும். உள்ளே கண்ணாடிக் குமிழ் மாதிரி வால்வுகள், அவற்றில் இரண்டு பெரியவை. சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தூசியும் வார்னிஷும் சூடாகும் மணம் வீடு முழுக்க வரும். எனக்கு இன்றைக்கும் சனிக்கிழமை என்றால் அந்த மணம்தான்.

பெரிய வால்வு இரண்டையும் மாற்றினால் பயஸ் பார்க்கவேண்டும். பாட்டு எதுவும் ஓடாமல் சும்மா நிற்கும்போது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை மீற்றரில் பார்த்து, பின்பக்கத்து ஓட்டைக்குள் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருப்பி, சரியான அளவுக்குக் கொண்டுவருவதுதான் அது. குறைந்தால் சத்தம் வறண்டு கிடக்கும். கூடினால் வால்வுக்குள் இருக்கும் தகடு அடுப்புக் கரி மாதிரிச் சிவந்து, கடைசியில் எல்லாம் எரியும்.

"சும்மா நிக்கேக்க இவர் எவ்வளவு குடிக்கிறார் எண்டு பாக்கிறன்," என்பார் அப்பா.

"சும்மா நிண்டு குடிக்கிறவை இந்த ஒழுங்கை முழுக்க இருக்கினம், அதைப் பாக்க மீற்றர் வேணுமே?" என்பா அம்மா.

அந்த வேலைக்கு அப்பா ஒரு பூசைக்குப் போவதுபோலத் தயாராவார். கலியாண மோதிரத்தையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிச் சவர்க்காரப் பெட்டியில் போடுவார். காலில் றப்பர் செருப்பு. எவ்வளவு வெக்கையாக இருந்தாலும், வீட்டில் இடுப்பில் சுற்றும் சாரம் இல்லை, நீட்டுக் காற்சட்டை. ஏன் காற்சட்டை என்றால், இடது கை எப்போதும் பொக்கற்றுக்குள் இருக்கவேண்டும். இரண்டு கையையும் வைத்தால் கரண்ட் ஒரு கையால் ஏறி, நெஞ்சுக்குள்ளால் போய், மற்றக் கையால் இறங்கும். "சாரத்துக்குப் பொக்கற் இல்லை," என்பார், அதைப் பத்துக் கட்டளைக்குப் பிறகு வரும் பதினோராவது மாதிரி.

ப்ளக்கைக் கழற்றினாலும் ஆபத்துப் போகாது. குழாயைப் பூட்டினாலும் டாங்கியில் தண்ணீர் கிடப்பதுபோல உள்ளே இருக்கும் கண்டென்சர்களில் கரண்ட் நிற்கும். அதை இறக்குவதற்கு ஒரு வயர் வைத்திருந்தார். இரண்டு நுனியிலும் முதலை வாய்க் கிளிப், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நடுவில் நாடா சுற்றிய ஒரு ரெசிஸ்ரர். அந்த வயரை மாட்டி இறக்குவதற்குப் பெயர் டிஸ்சார்ஜ். அதன் பிறகும் மீற்றரில் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்.

அந்த வருசம் கோயில் திருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தம்பி பிறந்தான். அம்மா ஆஸ்பத்திரியில். ஏதோ காய்ச்சல் என்று அவவை விடாமல் வைத்திருந்தார்கள். கடைக்காரர், பாண்காரர், பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் என்னைக் கண்டால் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "டிஸ்சார்ஜ் ஆச்சோ?" இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கு வாய் கசந்துபோயிருந்தது. ஒருநாளைக்கு "ஓம்" என்று சொல்லவேண்டும், அதையும் உரத்துச் சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் முன்கடைப் போனுக்குச் செய்தி வந்தது. டொக்டர் கையெழுத்துப் போட்டாயிற்று, பின்னேரம் வந்து கூட்டிப்போகலாம். அப்பா அன்றைக்கு லீவு. புது வால்வு போட்டு, பயஸ் ஸ்குரூவைக் கடைசிவரை திருப்பியும் அளவு வரவில்லை. ஒரு ரெசிஸ்ரரை மாற்றி ஈயம் வைத்தால்தான் சரிவரும். ப்ளக்கைக் கழற்றினார். அவரிடம் இருந்த ஒரே நல்ல காற்சட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக அயன் பண்ணிக் கதவில் தொங்கியது. அதில் ஈயம் தெறித்துவிடும் என்று சாரத்தோடு இருந்தார். அது அவருடைய பிழைதான், நான் மறைக்கவில்லை.

மாமா அப்போது எங்களோடுதான் இருந்தார். அம்மாவின் தம்பி. அப்பாவின் மியூசிக் பாண்டில் இரண்டாவது கிற்றார். தலைமயிருக்கு அவர் செலவழித்த நேரத்தைக் கிற்றாருக்குச் செலவழித்திருந்தால் முதலாவதாகவே வந்திருப்பார்.

"நீ டிஸ்சார்ஜ் பண்ணி வை. நான் முகத்தை வழிச்சுக்கொண்டு வாறன்," என்று வயரை அவர் கையில் கொடுத்துவிட்டு அப்பா பின்பக்கம் போனார்.

"ஓம் அத்தான்," என்றார் மாமா. வயரைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார். சீப்பை எடுத்தார். கேற்றடிக்குப் போய்விட்டார். தையல் வகுப்பு விடும் நேரம் அது. பக்கத்து வீட்டு அன்ரியின் மகள் அந்த வழியாகத்தான் வருவா. யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பிறகு மாமாவைக் கட்டி நம் மாமியாக வந்தவ.

நான் கட்டிலில் இருந்து ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். பக்க யன்னலில் அன்ரி தலையை நீட்டினா. கையெல்லாம் பலகார மா.

"மகள், அம்மா டிஸ்சார்ஜ் ஆகிட்டாவோ?"

அதே நேரம் எனக்குப் பின்னால், சுவருக்கு அங்காலிருந்து, அப்பாவின் குரல். "டிஸ்சார்ஜ் பண்ணியாச்சோ?"

நான் யன்னலைப் பார்த்துக் கத்தினேன். "ஓம்! ஆச்சு!"

மாமா சொல்வதைத்தான் நான் எடுத்துச் சொல்கிறேன் என்று அப்பா நினைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரம் வேறு. மீற்றரில் பார்க்காமல், பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு வந்து கையை வைத்தார். கத்தவில்லை. ஒரு கனமான மேசையை இழுத்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. பொக்கற்றுக்குள் இருந்திருக்கவேண்டிய இடது கை அம்பிளிபயரின் தகட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அந்த ஓரத்தை அந்த வேலைத்தலத்தில் யாரும் அராவியிருக்கவில்லை. கரண்ட் உதறிய உதறலில் கை அதன்மேல் இழுபட்டு, சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் போகும் நரம்பு அறுந்தது. நுரையிலும் சாரத்திலும் இரத்தம்.

மாமா ஓடிவந்தார். அப்பாவைத் தூக்கக் குனிந்தபோது அவருடைய சேட்டுப் பொக்கற்றிலிருந்து சிவப்புக் கிளிப் வாயைப் பிளந்துகொண்டு வெளியே தொங்கியது. நான் பார்த்தேன். பார்த்தது என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு டக்சியில் அப்பா ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்னொரு டக்சியில் மாமா போய் மற்ற ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவையும் தம்பியையும் கூட்டிவந்தார். அந்த டக்சிக்குள்ளேயே கதை செய்து முடிந்துவிட்டது. அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் அது இருந்தது. கையில் பிள்ளையோடு படியில் நின்றபடி கேட்டா.

"ஏனடி ஓம் எண்டு சொன்னனீ?"

"நான் அன்ரிக்குத்தான் சொன்னனான்."

"அத்தான் கேட்டதுக்கு இவதான் ஓம் எண்டவ. நான் டிஸ்சார்ஜ் பண்ணத்தான் வயரைத் தேடிக்கொண்டு இருந்தனான்," என்றார் மாமா. தேடிக்கொண்டு இருந்தாராம். கேற்றடியில்.

அன்ரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தான் யன்னலடிக்கு வந்ததாகவே நினைவில்லை என்று சொல்லிவிட்டா. அந்த நேரம் மாமா எங்கே நின்றார் என்று பேச்சு வந்தால், அவரோடு யார் நின்றது என்றும் வருமே. தன் குமர்ப்பிள்ளையின் பெயருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் பெயருக்கும் நடுவில் எதைக் காப்பாற்றுவது என்பதில் அன்ரிக்கு ஒரு நிமிசமும் குழப்பம் இருக்கவில்லை. அடுத்த நாள் எனக்கு ஒரு தட்டுப் பலகாரம் வந்தது. நான் அதைச் சாக்கடைக் கானுக்குள் கொட்டினேன். அதற்கும் அடி வாங்கினேன்.

அப்பா கட்டோடு வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை என்னை மன்னித்தது. "பரவாயில்லை மகள். நீ சின்னப் பிள்ளை," என்று தலையைத் தடவினார். நான் செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பு. அன்ரி யன்னலில் நின்றதைத் திரும்பவும் சொன்னேன். "சரி, சரி," என்றார். அந்தச் "சரி, சரி"யை என்னால் இன்றைக்கும் பொறுக்கமுடியவில்லை. அவர் என்னை அடித்திருந்தால் நான் இவ்வளவு கெட்டவளாகப் போயிருக்கமாட்டேன் என்று சிலவேளை நினைக்கிறேன்.

ரெசிஸ்ரரை மருதானையிலிருந்து ஒருவர் வந்து மாற்றிவிட்டுப் போனார். திருநாளுக்கு முதல் நாள் அப்பா பயஸ் வைத்தார். இடது கை துணித் தூளியில், வலது கை மட்டும் வேலையில். மீற்றரைப் பார்த்துப் பார்த்து ஒரு மயிரளவு திருப்புவார், இருந்து பார்ப்பார், திரும்பவும் ஒரு மயிரளவு. "இந்தப் பக்கம் போனா கூடக் குடிப்பார், அந்தப் பக்கம் போனாக் குறையக் குடிப்பார்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். திருநாள் ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் டான்ஸ். அப்பாவின் இடத்தில், அப்பாவின் கிற்றாரோடு, அப்பாவின் அம்பிளிபயரில் மாமா வாசிக்கப்போகிறார். புதுச் சேட்டும் தைப்பித்தாயிற்று. யார் தைத்தது என்றும் உங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை எல்லாரும் பூசைக்குப் போனார்கள். எனக்கு வயிற்றுவலி என்றேன். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்தபடி கண்ணயர்ந்துவிட்டா. ப்ளக் மேசையில் கிடக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். ஸ்குரூ வெளியில் இருந்து எட்டும். உள்ளே கை போகத் தேவையில்லை. என் இடது கையைச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவின் நகவெட்டியில் இருந்த அரத்தின் நுனியால் கூடக் குடிக்கும் பக்கமாக ஒரு சுற்றுத் திருப்பினேன். பிறகு இன்னும் கொஞ்சம்.

மிச்சம் நீங்கள் எல்லாரும் பார்த்தது. மூன்றாவது பாட்டில் உறுமல் தொடங்கியது. பெட்டிக்குப் பின்னால் திரைச்சீலை சிவப்பாகத் தெரிந்தது. பிறகு தார் எரியும் மணம், புகை, சத்தம் செத்துப்போனது. மேடையில் மாமா வெறும் கம்பியைத் தட்டிக்கொண்டு நின்றார். "தம்பி, வாளியை அடிச்சாலும் இதைவிடச் சத்தம் வரும்!" என்று யாரோ கத்த, மண்டபம் சிரித்தது. தையல்காரி முகத்தை மூடிக்கொண்டா. எனக்கு இனித்தது. பொய் சொல்லமாட்டேன், திருநாள் கேக்கைவிட இனித்தது.

அப்போதுதான் அப்பா கட்டுப் போட்ட கையோடு மேடையில் ஏறினார்.

"மச்சானை ஒருத்தரும் ஏசவேண்டாம். பயஸ் வச்சது நான். பிழை என்ரது."

அவர் புகைக்குள் குனிந்து வால்வுகளை ஒருதரம் பார்த்துவிட்டு இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த கிழமை மீற்றரை அதன் மரப்பெட்டியோடு மருதானைக்குக் கொடுத்துவிட்டார். பிறகு வீட்டில் ஒரு றேடியோ நின்றால்கூடத் திறக்கமாட்டார், கடைக்குத்தான் போகும். "என்ர கண்ணை நம்பேலாது," என்பார். இரண்டு விரல் மடங்காமல் போனது அவருக்குப் பாட்டை இல்லாமல் ஆக்கியது. ஸ்குரூ அவருக்கு அவரையே இல்லாமல் ஆக்கியது. அதைச் செய்தது நான். அவர் சாகும்வரை இருபத்தொரு வருசம் நான் சொல்லவில்லை. முதல் நாள் பயம். அடுத்த நாள், நேற்றே சொல்லவில்லையே என்ற பயம். அப்படியே போய்விட்டது.

பத்தொன்பது வயதில் தொழில்நுட்ப வகுப்பில் முதல்முதல் ஒரு டிஸ்சார்ஜ் வயரை என் கையில் தந்தார்கள். சிவப்புக் கிளிப்பைப் பார்த்ததும் எனக்கு மாமாவின் சேட்டுப் பொக்கற் தெரிந்தது. அன்றைக்கே போய் அவருடைய கழுத்தைப் பிடித்திருப்பேன். ஆனால் அவரைக் கேட்டால் நானும் சொல்லவேண்டி வருமே. அதனால் அவரைக் காணும் ஒவ்வொரு கலியாணத்திலும் செத்தவீட்டிலும் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தேன்.

போன கிழமை அவரே வந்தார். வெள்ளவத்தையில் என் பிளற் வீட்டுக்கு, த்ரீவீலரில், அந்த அம்பிளிபயரோடு. அந்தக் காலத்திலேயே அதைத் திருத்துவித்துத் தன்னிடம் வைத்திருந்தாராம். நுகேகொடையில் பேத்தி வாசிக்கப் பழகுகிறாளாம், புது வால்வு போட்டிருக்கிறதாம், பயஸ் பார்த்துத் தரவேண்டுமாம். இந்த வேலை இப்போது கொழும்பில் நான் செய்வதுபோல யாரும் செய்வதில்லை என்று புகழ்ந்தார்.

மேசையில் வைத்தேன். காப்பையும் மோதிரத்தையும் கழற்றினேன். ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், அது இல்லாமல் போட்டாலும் எரியும். சுவிட்சைப் போடுமுன்னரே மீற்றரின் கிளிப்புகளை மாட்டிவிட்டேன். போட்ட பிறகு இருபது நிமிசம் சூடாகவிட்டேன். இடது கை முதுகுக்குப் பின்னால், வலது கையில் முழுக்கப் பிளாஸ்டிக்கால் செய்த ஸ்குரூட்ரைவர். மாமா உள்ளே வராமல் கதவடியில் நின்றார். சும்மா நிற்கமுடியவில்லை அவருக்கு.

"அத்தானும் பாவம். கை போன கவலையில அண்டைக்கு பயஸைப் பிழையா வச்சிட்டார். ஆனா நான் ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை பிள்ளை."

என் கை ஸ்குரூவில் இருந்தது. ஒரு சுற்றுப் போதும். பேத்தியின் முன்னால் புகையட்டும், இந்த மனுசன் இன்னொருதரம் நாறட்டும் என்று மனம் துடித்தது. அப்போது என்ன சொல்வார்கள்? தகப்பனைப் போலத்தான் மகளும் என்பார்கள். அளவைச் சரியாக வைத்தேன். நிறுத்தினேன், ப்ளக்கைக் கழற்றினேன், கண்டென்சர்களை டிஸ்சார்ஜ் பண்ணினேன், மீற்றரில் பூச்சியம் வந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன்.

"மாமா, அண்டைக்கு வயர் எங்க இருந்தது?"

"எந்த வயர்?"

"சிவப்புக் கிளிப் வயர்."

அவர் கை தானாகச் சேட்டுப் பொக்கற்றுக்குப் போனது. "பொக்கற்றுக்குள்ள," என்றார்.

"எங்க நிண்டனீங்கள்?"

"கேற்றடியில."

"குழுவில சொல்லுங்கோ."

"இப்பவோ?"

"இப்ப."

போனை அவருடைய வாயடியில் பிடித்தேன். சொன்னார், அழுதார். நீங்கள் கேட்டது அவ்வளவும்தான். நான் பட்டனை விட்ட பிறகு நடந்ததை நீங்கள் கேட்கவில்லை.

"மாமா, அப்பாவைப் பாவம் எண்டு சொல்லாதேங்கோ. அண்டைக்கு ஸ்குரூவைத் திருப்பினது நான். உங்களை மேடையில அவமானப்படுத்தத்தான் செய்தனான்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவேண்டும் என்று விரும்பினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்ததிலிருந்து முதல்தரம் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, போகட்டும். உன்ர கதையை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அத்தானும் இல்லைத்தானே, இனி அவருக்கு என்ன நட்டம்?"

எனக்குப் பெரிய தயவு செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் என்னை எரிக்கிறது. அவர் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டிருப்பதில் அவருக்கு ஐம்பது வருசத்துப் பழக்கம். எனக்கும் அதே பழக்கம்தான். நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்தால், மண்டபத்தில் எழும்பி நின்று பிழையை ஏற்றவர் மட்டும் பிழைகாரனாகவே கிடப்பார்.

மாமாவை நான் மன்னிக்கவில்லை. அவரும் என்னை மன்னிக்கத் தேவையில்லை. நீங்களும் நாளைக்கு எனக்கு ஆறுதல் எழுதிக்கொண்டு வராதீர்கள். அந்த ஞாயிறு மண்டபத்தில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால் போதும். அப்பா வைத்த அளவு சரியாகத்தான் இருந்தது.